கம்பி எண்ணத் தெரிய வேண்டும்: சைட் சூப்பர்வைசரிலிருந்து சைட் இன்-சார்ஜ் ஆக ஒரு முழுமையான வழிகாட்டி

சிவில் முடித்துவிட்டு சைட்டுக்கு வருகிற பிள்ளைகள் பலர் முதல் வாரத்திலேயே ஒரே தப்பைச் செய்கிறார்கள். வந்ததும் வேலை வாங்கப் பார்க்கிறார்கள். இருபது வருடம் கரண்டி பிடித்த கொத்தனாரிடம் போய் "சீக்கிரம் முடிங்க" என்கிறார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேகத்தில் செய்கிறார். அன்றோடு அந்தப் பிள்ளையின் பேச்சுக்கு அங்கே மதிப்பு போயிற்று.

சைட் இன்-சார்ஜ் என்பவர் ஒரு கட்டடத்தை அஸ்திவாரம் தோண்டுவதிலிருந்து சாவி கொடுப்பது வரை அன்றாடம் நடத்துகிறவர். வெளிநாட்டு கம்பெனிகளில் சூப்பரிண்டெண்டென்ட் என்பார்கள். அந்த இடத்துக்கு வர நான் சொல்லும் வரிசை இது: முதலில் அளவு, அப்புறம் கம்பி, அப்புறம் கான்கிரீட், அப்புறம் எழுத்து, ஆட்கள், கடைசியில் பணம். கடைசியில் இருப்பதை முதலில் பிடிக்கப் போனவர்கள்தான் பத்து வருடம் கழித்தும் சூப்பர்வைசராகவே இருக்கிறார்கள்.

1. எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்று பாருங்கள்

பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ ஒரு வழி. பன்னிரண்டாவதோ ஐடிஐயோ முடித்தவர்கள் அதில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பி.இ. சிவில் இன்னொரு வழி. டிப்ளமோக்காரர்களுக்கு அங்கும் இரண்டாம் ஆண்டில் இடம் உண்டு. மூன்றாவது, கொத்தனாராகவோ கம்பி கட்டுபவராகவோ தொடங்கி மேஸ்திரியாகி மேலே வருவது.

மூன்றிலும் ஒரு குறை இருக்கும். பி.இ.காரருக்குக் கைப்பழக்கம் இருக்காது. மேஸ்திரி வழியில் வந்தவருக்கு டிராயிங்கும் காகித வேலையும் தடுக்கும். டிப்ளமோக்காரர் நன்றாகவே வேலை செய்வார், ஆனால் பெரிய கம்பெனிகளில் ஒரு கட்டத்துக்கு மேல் பட்டம் கேட்பார்கள். உங்கள் குறை எது என்று தெரிந்துகொண்டு முதல் இரண்டு வருடத்தில் அதைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகு பொறுப்பு கூடிவிடும், உட்கார்ந்து கற்க நேரம் கிடைக்காது.

2. முதல் நாளுக்கு முன் தயாராக வேண்டியவை

5 மீட்டர் டேப், 30 மீட்டர் டேப், ஹெல்மெட், இரும்பு முனை வைத்த ஷூ, சட்டைப்பையில் அடங்கும் ஒரு கட்டை நோட்டு, பென்சில். பேனா மழையில் கரையும்.

டிராயிங்கின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். ஆபீஸ் மேஜையில் இருப்பது போதாது. அதில் திருத்த எண்ணும் தேதியும் பாருங்கள். பழைய டிராயிங்கை வைத்து வேலை செய்வதுதான் சைட்டில் நடக்கும் மிக விலை உயர்ந்த தப்பு.

சில எண்கள் மனப்பாடமாக வேண்டும், ஏனென்றால் சைட்டில் கேள்வி வரும்போது போனைத் தட்டிக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. மணலும் ஜல்லியும் வாங்கும் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. சிமென்ட் மூட்டை 50 கிலோ. கம்பியின் எடைக்கு, மில்லிமீட்டரில் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும்: 8 எம்.எம். கம்பி 0.395, 12 எம்.எம். 0.888, 16 எம்.எம். 1.58. ஒரு முழுக் கம்பி 12 மீட்டர்.

3. முதல் மூன்று மாதம்: மூலையும் மட்டமும்

கட்டடத்தின் கோடுகளைத் தரையில் குறிக்கும் மார்க்கிங் நாளில் உங்களுக்கு வேறு வேலை சொன்னாலும் கேட்டுக்கொண்டு மார்க்கிங்கில் நில்லுங்கள். கட்டடத்தின் எல்லாத் தப்புக்கும் தாய்த் தப்பு அங்கேதான் பிறக்கும்.

மூலை சரியா என்று பார்க்க 3-4-5 முறை போதும்: ஒரு பக்கம் 3, மறு பக்கம் 4 அளந்தால் குறுக்கே 5 வர வேண்டும். ஆனால் மூன்றடி, நான்கடியில் பார்த்தால் சின்னப் பிசகு தெரியாது. 6-8-10, இடம் இருந்தால் 12-16-20 அடி என்று பெரிதாக எடுங்கள். பிறகு இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று அளக்க வேண்டும்.

இங்கே என் கதை ஒன்று. இரண்டாவது வருடம், ஒரு மூன்று மாடி வீட்டுக்கு மார்க்கிங். ஒரு பக்கத்து பில்லர் வரிசைக்கு டிராயிங்கில் கொடுத்திருந்தது வெளி ஓரத்தின் அளவு. நான் அதை பில்லரின் நடுக்கோடு, அதாவது சென்டர் லைன் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பது அங்குல பில்லர், ஆக வரிசை முழுவதும் நாலரை அங்குலம் தள்ளிப் போயிற்று. மூலைவிட்டம் போட்டுப் பார்த்தேன், சமமாகத்தான் வந்தது. வராமல் என்ன செய்யும்? வரிசை முழுவதும் ஒன்றாகத் தள்ளிப் போனால் செவ்வகம் செவ்வகமாகத்தான் இருக்கும். குழியில் கம்பிக் கூடை இறக்கும்போது, மதில் சுவரிலிருந்து அளந்த மேஸ்திரிதான் கண்டுபிடித்தார். நான்கு குழியை அகலப்படுத்தி, ஒரு நாள் கூலி வீண். மூலைவிட்டம் கோணத்தை மட்டும்தான் சொல்லும், இடத்தைச் சொல்லாது. அதனால் எல்லையிலிருந்து இரண்டு பக்கமும் அளவு எடுக்காமல் மார்க்கிங்கை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மட்டத்துக்கு, அசையாத ஓர் இடத்தைப் பெஞ்ச்மார்க்காக (எல்லா உயரத்தையும் அளக்கத் தொடங்கும் புள்ளியாக) வைத்து பெயின்ட் அடியுங்கள். மரத்தின் மேலோ, மண்ணில் அடித்த ஆப்பின் மேலோ வைக்காதீர்கள். லாரி ஒன்று உரசினால் போதும். தளம் தளமாக எல்லா பில்லரிலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மட்டக்கோடு போட்டுவிட்டால் கதவு, ஜன்னல், சுவிட்ச், டைல்ஸ் எல்லாரும் அந்த ஒரே கோட்டிலிருந்து அளப்பார்கள். ஆளுக்கொரு தரையிலிருந்து அளந்தால் ஆளுக்கொரு உயரம் வரும். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பயன்படுத்தும்போது குழாய்க்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்; குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும்.

4. அடுத்த ஆறு மாதம்: கம்பி

கம்பி எண்ணுவது என்றால் ஊரில் வேறு அர்த்தம். சைட்டில் பழைய ஆட்கள் சொல்வார்கள்: "இங்க எண்ணலேன்னா அங்க போய் எண்ணணும் சார்." சிரித்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள்.

பத்தடி அகலத்துக்கு ஆறு அங்குல இடைவெளி என்றால் எத்தனை கம்பி? புதியவர்கள் இருபது என்பார்கள். இருபத்தொன்று. இடைவெளிகள்தான் இருபது. இந்த ஒன்றை விட்டுவிட்டு பட்டியல் போட்டால் பத்து அறையில் கம்பி குறையும், கடைசி நாளில் லாரி வைக்க வேண்டி வரும்.

பார்க்கும்போது ஒரே ஒழுங்கில் பாருங்கள்: விட்டம், எண்ணிக்கை, இடைவெளி, லேப் (இரண்டு கம்பி ஒன்றோடொன்று சேரும் இடம்), கவர் (கம்பிக்கு வெளியே நிற்கும் கான்கிரீட்டின் கனம்), கொக்கி. ஒழுங்கு மாறினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். லேப் எல்லாம் ஒரே இடத்தில் வராமல் மாற்றி மாற்றி இருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாமே ஒரே கோட்டில் இணைந்தால் அந்தக் கோடுதான் பலவீனம். கவர் பிளாக் பில்லருக்கு 40 எம்.எம்., அஸ்திவாரத்துக்கு 50 எம்.எம். என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 கேட்பது. கடலோரமாக இருந்தால் டிராயிங்கில் இன்னும் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். உடைந்த ஜல்லியைக் கவர் பிளாக் என்று வைக்க விடாதீர்கள்.

கம்பியில் நான் அதிக நேரம் நிற்கும் இடம் பால்கனியும் சன்ஷேடும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் தளத்தில் இழுவை மேல்பக்கம்தான் வரும், ஆக முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கட்டும்போது மேலேதான் கட்டுவார்கள். கான்கிரீட் தட்டைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் அதன் மேல் நடந்தால் கம்பி கீழே உட்கார்ந்துவிடும். கான்கிரீட் மூடியதும் யாருக்கும் தெரியாது, தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டு பிரிக்கும் நாளில்தான் தெரியும். மேல் கம்பியைத் தாங்கும் சேர் கம்பி நெருக்கமாக வைத்து, நடக்கத் தனிப் பலகை போட்டு, கான்கிரீட் விழும் நேரத்தில் அங்கே நீங்களே நில்லுங்கள்.

லோடு வந்ததும் எடைமேடை சீட்டை மட்டும் நம்பாமல், கம்பிகளை எண்ணி நீளத்தால் பெருக்கிக் கணக்கு எடையோடு ஒப்பிடுங்கள். 10 எம்.எம். வரை 7 சதவீதம், 16 எம்.எம். வரை 5 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று கம்பிக்கான தர விதி ஐஎஸ் 1786 இடம் கொடுக்கிறது. அதைத் தாண்டினால் லோடை இறக்காதீர்கள். இறக்கிய பிறகு பேசுவதற்குப் பலம் இருக்காது.

5. தளம் போடுவதற்கு முந்தைய நாள்

ஒரு சூப்பர்வைசரை மதிப்பிட வேண்டுமென்றால் நான் தளம் போடும் நாளைப் பார்க்க மாட்டேன், முந்தைய நாள் மாலையைப் பார்ப்பேன்.

முதலில் கணக்கு. 1000 சதுர அடி, 5 அங்குலத் தளம் என்றால் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். பீம் தனி. இதை நீங்கள் போட்டு வைத்திருக்க வேண்டும். ரெடிமிக்ஸ் (பிளான்ட்டில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட்) ஆள் சொல்லும் கணக்கையோ மேஸ்திரி சொல்லும் கணக்கையோ அப்படியே எடுக்காதீர்கள். கடைசி லாரிக்கு மட்டும் பாதித் தளம் முடிந்ததும் மீண்டும் அளந்துவிட்டுச் சொல்லுங்கள். கூடினால் கொட்ட வேண்டும், குறைந்தால் நடுத்தளத்தில் ஜாயின்ட் விழும்.

அப்புறம் கீழே இறங்குங்கள். எல்லாரும் மேலே போய்க் கம்பியைப் பார்ப்பார்கள், கீழே நிற்கும் முட்டுகளை யாரும் பார்ப்பதில்லை. முட்டு நிற்கும் தரை நிரப்பிய மண்ணா? அடியில் பலகை இருக்கிறதா? கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் ஷீட்டைக் கழுவும் தண்ணீர் ஓடிவந்து அந்த மண்ணை இளக்கும். இரவில் இரண்டு முட்டு அரை அங்குலம் இறங்கினால் காலையில் தளமும் இறங்கும்.

மேலே பார்க்க வேண்டியவற்றில் மறந்துபோவது எப்போதும் இவைதான்: ஃபேன் பாக்ஸ், எலக்ட்ரிகல் பைப், பாத்ரூமில் தாழ்த்திப் போடும் சங்கன் தளம், மாடிப்படிக்கு விட வேண்டிய கம்பி, அடுத்த மாடியில் நிற்கப்போகும் பில்லரின் கம்பி. எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் நேரில் வரவழைத்து அவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட வேண்டும் என்றால் இன்னொரு முறை பார்ப்பார்கள்.

பம்ப் எங்கே நிற்கும், தெருவில் இபி ஒயர் எவ்வளவு உயரத்தில் போகிறது, கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் இரண்டு ஓடுகிறதா (ஒன்று ஓடினால் ஒன்றும் இல்லாத மாதிரி), டீசல், தார்ப்பாய், விளக்கு, ஆட்களுக்குச் சாப்பாடு. வைப்ரேட்டரை ஓட்டியே பாருங்கள். "ஓடும் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

6. கான்கிரீட் நாள்

காலை ஏழு மணிக்கு முதல் லாரி. டிரைவரிடம் சலான் வாங்கி மூன்றைப் பாருங்கள்: கிரேடு, கிளம்பிய நேரம், அளவு. கலவை ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது ரெடிமிக்ஸுக்கான பொது விதி. போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வரும் லாரியில்தான் மேஸ்திரியோடு பின்வரும் பேச்சு நடக்கும்.

"சார், கெட்டியா இருக்கு. ரெண்டு குடம் தண்ணி விட்டா சல்லுனு ஓடும்."

"அண்ணே, நீங்க விடுற தண்ணிக்கு நான்தான் கையெழுத்துப் போடணும். பிளான்ட்டுக்குப் போன் போடறேன், கெமிக்கல் கொடுக்கட்டும்."

கோபமில்லாமல், குரல் உயர்த்தாமல் இப்படிச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டால் வேலை எளிதாகும், பலம் குறையும். மேஸ்திரிக்கும் இது தெரியும். நீங்கள் பார்க்கிறீர்களா என்றுதான் அவர் பார்க்கிறார்.

பம்பில் முதலில் வரும் சிமென்ட் பாலைத் தளத்திலோ பில்லர் தலையிலோ விழ விடாமல் தனியே பிடித்துக் கொட்டச் சொல்லுங்கள். பம்புக்குத் தூரமான மூலையிலிருந்து தொடங்கி, பின்வாங்கிக்கொண்டே வர வேண்டும். அப்போதுதான் போட்ட கான்கிரீட்டை மிதிக்காமல் குழாயைக் கழற்றிக்கொண்டு வரலாம். ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கொட்ட விடாதீர்கள், ஜல்லி தனியாகவும் பால் தனியாகவும் பிரிந்துவிடும்.

வைப்ரேட்டர் ஊசியை நேராக இறக்கி, குமிழி அடங்கியதும் மெதுவாக எடுக்க வேண்டும். ஊசியைப் படுக்கவைத்துக் கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அது மண்வெட்டியின் வேலை. பில்லரும் பீமும் சேரும் இடத்தில் கம்பி நெருக்கம் அதிகம். முட்டு பிரித்ததும் தேன்கூடு (கான்கிரீட் நிரம்பாத ஓட்டைகள்) தெரிவது அங்கேதான்.

ஒரு சென்ட்ரிங் ஆள் முழு நேரமும் கீழே இருக்க வேண்டும். ஒழுகும் இடத்தை அடைக்கவும், முட்டு நழுவினால் கத்தவும். அவரை மேலே இழுத்துத் தட்டு தூக்க வைப்பதை எத்தனையோ சைட்டில் பார்த்துவிட்டேன்.

பலம் சோதிக்கக் கான்கிரீட் க்யூப் எடுப்பதை மறக்காதீர்கள். ஐஎஸ் 456 கணக்கில் 5 கன மீட்டர் வரை ஒரு சாம்பிள், 6 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 30 வரை மூன்று; ஒரு சாம்பிளுக்கு மூன்று க்யூப். இது 28ஆம் நாள் சோதனைக்கு. 7ஆம் நாள் பார்க்க வேண்டுமென்றால் கூடுதலாக எடுங்கள். முதல் லாரியிலேயே எல்லாவற்றையும் எடுத்து முடிப்பது சோம்பேறித்தனம், சாம்பிள் என்ற பெயருக்கே அது பொருந்தாது. க்யூப் மேல் தேதியும் இடமும் கீறி வையுங்கள்.

மழை பிடித்துக்கொண்டாலோ பம்ப் படுத்துவிட்டாலோ எங்கே நிறுத்துவது? இதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் முந்தைய நாளே கேட்டு டிராயிங்கில் கோடு போட்டு வைத்திருக்க வேண்டும். மழையில் நனைந்துகொண்டு போன் போட்டால் அவர் எடுக்க மாட்டார்.

7. அடுத்த 28 நாள்

மறுநாள் காலையிலேயே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குங்கள். பில்லருக்குச் சாக்கு சுற்றி நனைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தளம் போட்ட அன்று மாலையே ஈரச் சாக்கோ பிளாஸ்டிக்கோ மூடாவிட்டால் மேற்பரப்பில் முடி மாதிரி விரிசல் ஓடும். சாதா சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமென்டுக்கு 10 நாள். மூட்டையில் பிபிசி என்று இருந்தால் ஏழாம் நாள் குழாயை மூடாதீர்கள். வெயில் காலமென்றால் 14 நாள்.

முட்டு பிரிப்பதில்தான் எல்லாரும் அவசரப்படுவார்கள், ஏனென்றால் சென்ட்ரிங் சாமான் அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். பிரிக்கும் வரிசையும் உண்டு: அறைத் தளத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு, பால்கனியை நுனியிலிருந்து சுவரை நோக்கி. பால்கனியில் சுவர்ப் பக்கமிருந்து தொடங்கினால் நுனியில் நிற்கும் முட்டு தளத்தின் இயல்பையே தலைகீழாக்கும்.

8. எழுதி வையுங்கள்

தினமும் மாலை பதினைந்து நிமிடம். வந்த ஆட்கள் வகைவாரியாக, நடந்த வேலை, வந்த சாமான், நின்றுபோன நேரமும் காரணமும், யார் வந்து என்ன சொன்னார்கள். அவ்வளவுதான்.

வீட்டுக்காரரோ ஆர்கிடெக்டோ வாயால் சொல்லும் மாற்றத்தை அன்றே செய்தியாக அனுப்பிவிடுங்கள்: "இன்று காலை நீங்கள் சொன்னபடி சமையலறை மேடை இரண்டு அங்குலம் உயர்த்துகிறோம், கூடுதல் செலவு பில்லில் வரும்." மூன்று மாதம் கழித்து "நான் எப்போ சொன்னேன்" என்று வரும். அப்போது குரல் எடுபடாது, செய்திதான் எடுபடும்.

மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் போகும் எதையும் மூடுவதற்கு முன் டேப்பை வைத்துப் படம் எடுங்கள். குழி ஆழம், அடிக் கான்கிரீட், கம்பி, பைப் போகும் வழி. பில் போடும்போது பணமாக மாறுவது இந்தப் படங்கள்தான்.

9. மேஸ்திரியும் சனிக்கிழமையும்

சனிக்கிழமை மாலை கூலிப் பட்டுவாடா. அன்று பணம் தாமதமானால் திங்கட்கிழமை பாதி ஆள் வரமாட்டார்கள், அதனால் வெள்ளிக்கிழமையே ஆபீஸைத் துரத்துங்கள். அட்வான்ஸ் கொடுப்பதில் ஒரே கணக்கு: நடந்த வேலையை அளந்து, அதன் மதிப்புக்குள். வேலையை மீறி அட்வான்ஸ் போய்விட்டால் மேஸ்திரி அடுத்த சைட்டில் இருப்பார், நீங்கள் போனில் இருப்பீர்கள்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று ஆட்கள் வருகிறார்கள். பேச்சு ஹிந்தியில் நூறு வார்த்தையாவது பழகுங்கள். அவர்களுடைய ஃபோர்மேன் வழியாகவே எல்லாம் சொன்னால், பாதி அங்கேயே தங்கிவிடும்.

மேஸ்திரியின் தப்பை அவருடைய ஆட்கள் முன்னால் சொல்லாதீர்கள். தனியே கூப்பிட்டு, டேப்பை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அளவை அவரே வாய்விட்டுச் சொன்னால் வாதம் அங்கேயே முடிந்தது.

சாமான் கடைக்காரர் நீட்டும் கமிஷன் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு முறை வாங்கிவிட்டால் அடுத்த லோடு குறையும்போது வாய் திறக்க முடியாது. மணல் லாரியில் கம்பியை நான்கைந்து இடத்தில் குத்தி உயரம் அளப்பவரைத்தான் அவர்கள் மதிப்பார்கள். ஈர மணல் உப்பியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். காய்ந்ததும் அளவு இறங்கும்.

10. உயிர் போகும் இடங்கள்

ஹெல்மெட், பெல்ட் பற்றி எல்லாரும் சொல்வார்கள். நான் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி அல்லது செப்டிக் டேங்க். மூடிப் பல நாள் ஆனபின் பலகை பிரிக்க ஒருவர் இறங்குவார், மூச்சுத் திணறி விழுவார். காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் விழுவார். நனைந்த பலகை அழுகி உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றிருக்கும். எல்லா மூடியையும் திறந்து, காற்றை உள்ளே ஊதி, காற்று சோதிக்கும் மீட்டரில் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்தாமல் யாரும் இறங்கக் கூடாது. மீட்டர் இல்லையென்றால் வரவழைக்கும் வரை வேலை நிற்கட்டும்.

இரண்டாவது, ஆழமான குழி. ஐந்தடிக்கு மேல் போனால் பக்கவாட்டில் தடுப்போ சரிவோ வேண்டும். வெட்டிய மண்ணைக் குழி விளிம்பிலேயே குவித்தால் அந்த எடையே சுவரைத் தள்ளும்.

மூன்றாவது, கரண்ட். தற்காலிக இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் வைப்ரேட்டரையோ கட்டிங் மெஷினையோ ஓட்டாதீர்கள். ஒயரைத் தண்ணீரில் கிடக்க விடாதீர்கள்.

வேலையாட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பதியாதவருக்கு வாரியத்தின் உதவிகளில் பல கைக்கு வராது.

11. மூன்று வாரம் முன்னால் பார்ப்பது

சூப்பர்வைசர் இன்றைய வேலையைப் பார்க்கிறார். இன்-சார்ஜ் மூன்று வாரம் கழித்து எது நிற்கும் என்று பார்க்கிறார். ஒரு தாளில் அடுத்த மூன்று வாரத்தை எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே நான்கைக் கேளுங்கள்: டிராயிங் இருக்கிறதா, சாமான் இருக்கிறதா, ஆள் இருக்கிறார்களா, முந்தைய வேலை முடிந்திருக்குமா?

நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அஸ்திவாரக் குழியை அப்போது திறந்து வைத்தால் பம்ப் செட் வாடகைதான் மிஞ்சும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் ஆட்கள் போவார்கள், சட் பூஜைக்கும் ஹோலிக்கும் வடக்கு ஆட்கள். ஆடியில் வீட்டுக்காரர்கள் புது வேலை தொடங்கத் தயங்குவார்கள், ஆனால் நடக்கிற வேலையை நிறுத்தத் தேவையில்லை.

உள்வேலையில் வரிசை பிசகினால் உடைப்புதான். சுவரில் பைப்புக்கு வெட்டியபின் பூச்சு. பூச்சில் சீலிங் முதலில், சுவர் அப்புறம். பாத்ரூமில் வாட்டர்ப்ரூஃபிங் முடிந்து, தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் கீழ்வீட்டுச் சீலிங்கைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் டைல்ஸ். இந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கப் போய், டைல்ஸ் முழுவதையும் பெயர்த்த சைட்கள் எனக்குத் தெரியும்.

பணக் கணக்கு இந்தக் கட்டத்தில் தானாக வரும். உங்கள் சைட்டில் ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் ஒரு நாளில் எத்தனை சதுர அடி பூசுகிறார்கள் என்று நீங்களே அளந்து எழுதியிருந்தால், எந்த ரேட்டையும் உட்கார்ந்த இடத்தில் உடைத்துப் பார்க்கலாம். புத்தகத்தில் இருக்கும் எண் வேறு யாரோ ஒருவருடைய சைட். எக்செல் கட்டாயம், பெரிய வேலைக்குப் போக நினைத்தால் வேலை அட்டவணை போடும் எம்எஸ் ப்ராஜெக்ட் அல்லது ப்ரைமவெரா கற்றுக்கொள்ளுங்கள்.

12. வேலை மாறும்போது

ஒரு கட்டடத்தையாவது குழி முதல் சாவி வரை பார்க்காமல் மாறாதீர்கள். ஸ்ட்ரக்சர் முடிந்ததும் ஓடிப்போகிறவர்கள் நிறைய. உள்வேலையில்தான் இருபது வகை ஆட்களை ஒரே நேரத்தில் ஓட்டும் பழக்கம் வரும், இன்-சார்ஜ் பொறுப்புக்கு அதைத்தான் தேடுவார்கள்.

நேர்காணலில் நான் ஆள் எடுக்கும்போது சான்றிதழைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஒரு தளத்தின் டிராயிங்கை மேஜையில் விரித்து, "நாளைக்குக் கான்கிரீட். இப்ப மணி மூணு. என்ன செய்வீங்க?" என்பேன். "கம்பி செக் பண்ணுவேன் சார்" என்று நிறுத்துபவர்கள் அதிகம். முட்டு நிற்கும் தரையைப் பற்றிக் கேட்பவர் எப்போதாவது வருவார். உங்கள் பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் நேர்காணலுக்கு எடுத்துப் போங்கள்.

வளைகுடாவுக்குப் போவதாக இருந்தால் முகவர் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் அவர்கள் வாங்கலாம், ரசீதோடு. ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். சூப்பர்வைசர் என்று வாயால் சொல்லிவிட்டு, விசாவில் ஹெல்பர் என்று இருந்தால், அங்கே இறங்கியதும் கையில் மண்வெட்டிதான் கொடுப்பார்கள்.